ஒரே சீட்டில் ஒரு சுற்று

முதுகில் பையை மாட்டிக்கொண்டு நண்பனோடு இந்தியாவைச் சுற்றக் கிளம்புகிறவர்கள், ஊருக்கு ஊர் தனித்தனியாக ரயில் டிக்கெட் எடுத்துக் காசைக் கரைக்கிறார்கள். ரயில்வேயில் சுற்றுப்பயணச் சீட்டு என்று ஒன்று இருக்கிறது. புறப்பட்ட ஊருக்கே திரும்ப வேண்டும். நடுவே அதிகபட்சம் 8 ஊர்களில் இறங்கித் தங்கலாம். தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும், அதில்தான் லாபம். சென்னையிலிருந்து ஹம்பிக்காக ஹோசபேட்டை, பிறகு மும்பை, ஜெய்ப்பூர், ஆக்ரா, காசி, கல்கத்தா, பூரி என்று ஒரு வட்டம் அடிக்கலாம். ஆனால் வழித்தடத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். படுக்கைக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி முன்பதிவு. ஆகவே, எந்த ஊரில் எத்தனை நாள் என்ற சண்டையை வீட்டிலேயே போட்டு முடித்துவிடுங்கள். ரயிலில் போட்டால் எதிர் சீட்டுக்காரர் பஞ்சாயத்துக்கு வந்துவிடுவார்!