கன்னி வேட்டை

மகனை முதல் வேட்டைக்கு அனுப்பிய ஒரு தந்தையைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் கண்ணப்பர் வரலாற்றில் பாடினார். மாதந்தோறும் நிகழும் வேட்டை தவறியதால் உடுப்பூரில் விலங்குகள் புனத்தை அழித்தன. மூப்பெய்திய நாகன், 16 வயதுத் திண்ணனிடம் தலைமையை ஒப்படைத்து, உடைத்தோலும் சுரிகையும் ஈந்தான். தோலின் அருமை அறிந்த வேலூர், ஆம்பூர் மக்களுக்கு அவ்வுடைத்தோல் வெறும் ஆடையன்று என்பது விளங்கும்.

தந்தை உடன்செல்லவில்லை; குலத்தின் வரம்பு உடன்சென்றது. யானைக்கன்றைத் தொடரார், குட்டிகளைக் கொல்லார், சூல்கொண்ட பிணையை வருத்தார். வேட்டையைக் கட்டுப்படுத்திய 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எண்ணூறு ஆண்டு முற்பட்ட பாட்டு இது!

பன்றியை வீழ்த்திய திண்ணன் காளத்தி மலையில் குடுமித்தேவரைக் கண்டான், வீடு மறந்தான். கேட்போர் நெஞ்சம் கண் பெயர்க்கும் காட்சிக்கே விரையும். இடையில் நாணன் சொல்லக் கேட்டு ஓடிவந்த நாகனை யார் நினைக்கிறோம்? எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். மகன் திரும்பவில்லை. அயர்ந்துபோய் மலையிறங்கினான்.