நம் மாநிலத்தை நாமே வரைவோம்



“படம் வரைஞ்சா மார்க்கு வருமா சார்?” என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான். புத்தகத்தில் படித்தும் பேராக் ஆறு எங்கே போகிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள், நீல நூலை அட்டையில் ஒட்டி, வடக்கேயிருந்து பாகான் டத்தோ கடல்வரை இழுத்த பிறகு மறக்கவில்லை.

தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஈயம் ஏற்றிப்போக 1885-இல் திறந்த இரயில் பாதைக்குத் தீக்குச்சி. கோலகங்சாருக்கு ஒரு ரப்பர் கொட்டை. 1877-இல் அங்கே கன்று நட்டார்கள் அல்லவா! சாயோங் கருப்புக் கூஜாவைக் களிமண்ணில் செய்தோம். நாலு வெடித்துப் போச்சு, பரவாயில்லை. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது பத்து காஜா கோயில்தான். தொழிலாளர்கள் கேட்டதற்காகக் கெல்லி துரை கட்டிக்கொடுத்தது. கோபுரத்துச் சாமிகளோடு துரையும் நிற்கிறார்! அதை வரைய அடிதடி.

பெற்றோர்களே, பிள்ளை பழைய அட்டை, பால் டின் கேட்டால் வையாதீர்கள்.

இன்னொன்று. வரைபடத்திலே நம் தோட்டத்து இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. இன்று சுற்றிலும் செம்பனை. எந்தப் பக்கம் பால்மரம் நின்றது, பழைய லயம் எது, பால் நிறுத்த இடம் எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது; எனக்கும் தெரியாது. தெரிந்த தாத்தா பாட்டிமார் ஏழெட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலை பள்ளி திறந்திருக்கும். வந்து சொல்லுங்கள், பிள்ளைகள் வரைவார்கள்.