கப்பலேறுமுன் ஓர் இரவு

மாணவ நண்பர்களே, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் கப்பலேறுவோர் முந்திய நாளே ஊர் சேர்வது நலம். லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரந்தான். ஆயினும் ரயில் தாமதித்தால் கப்பல் காத்திராது. 1912-இல் டைட்டானிக் புறப்பட்டதற்கு முந்திய இரவு, கப்பற் கம்பெனித் தலைவர் இஸ்மேயே துறைமுகத்தை ஒட்டிய சவுத் வெஸ்டர்ன் ஓட்டலில்தான் தங்கினார். அந்த மாளிகை இன்று குடியிருப்பாகிவிட்டது. இருந்தாலும் நம் பைக்கு அது எட்டியிராது!

சிக்கனமாகத் தங்க விரும்புவோர் ‘துறைமுகத்துக்கு அருகில்’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்புதல் பேதைமை. பயணிகள் ஏறும் முனையங்கள் அங்கே ஐந்து. ஓஷன், இரண்டாம் எலிசபெத் ஆகியவை கிழக்குத் துறையில் உள்ளன. சிட்டி, மேஃபிளவர், 2021-இல் திறக்கப்பெற்ற ஹொரைசன் ஆகியவை மேற்கே. கனத்த பெட்டியைச் சுமந்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க யாரால் இயலும்? ஆகவே முனையத்தின் பெயரை அறிந்த பின்னரே அறை தேடவேண்டும். மேற்கே செல்வோர்க்குச் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகேயுள்ள எளிய விடுதி உகந்தது. கிழக்கே செல்வோர் பழைய நகர்ப்பகுதியில் தேடலாம். பல கப்பல்கள் ஒரே நாளில் புறப்பட்டால் வாடகை ஏறிவிடும். அறை வாடகையோடு டாக்ஸிக் கூலியையும் கூட்டிப் பாருங்கள். தொலைவிலுள்ள மலிவான அறை சில வேளை அருகிலுள்ளதைவிட மிகுதியான செலவு வைத்துவிடும்.