சிலுவையின் அடியில் ஒரு விண்ணப்பம்

(பொன்விழாத் தொடக்க நாளன்று, திருப்பலிக்குப் பின் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நம் கோவிலுக்கு ஐம்பது வயது நிறைகிறது. இந்த நன்னாளில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மழையிலும் காற்றிலும் நிற்கும் ஒரு கற்சிலுவையைப் பற்றி உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

அயர்லாந்து நாட்டில் டப்ளின் நகருக்கு வடக்கே மொனாஸ்டர்பாய்ஸ் என்னும் இடம் உள்ளது. 521-ஆம் ஆண்டில் மறைந்த புனித பூயித் அங்கே ஒரு துறவற மடத்தை நிறுவினார். அதைப் போய்ப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. இன்று அங்கே மடமும் இல்லை, துறவிகளும் இல்லை. கூரை இழந்த இரண்டு கோவில்கள், உச்சி சிதைந்த ஒரு வட்டக் கோபுரம், சுற்றிலும் ஊராரின் கல்லறைகள், இவைதாம் மிச்சம். 1097-ல் அக்கோபுரம் தீப்பற்றியபோது மடத்தின் ஏடுகளும் பொக்கிஷங்களும் வெந்து போயின. கற்சிலுவைகளோ நிலைத்து நிற்கின்றன.

அவற்றுள் முயிரெடாக் சிலுவை பெயர் பெற்றது. மணற்கல்லால் ஆனது, உயரம் சுமார் 18 அடி. 10-ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டது என்பர். அதன் கிழக்குப் பக்கத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தால், ஆதாம் ஏவாள், ஆபேலைக் கொல்லும் காயீன், தாவீதும் கோலியாத்தும், பாறையைத் தட்டும் மோயீசன், திருப்பாலனை வணங்கும் ஞானிகள் என்று காட்சிகள் தொடர்கின்றன. உச்சியில் கடைசித் தீர்வை. மிக்கேல் சம்மனசு தராசில் ஆன்மாவை நிறுக்கிறார். பசாசோ கீழே படுத்துக்கொண்டு தட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறது! மேற்குப் பக்கத்தின் நடுவில் பாடுபட்ட நம் ஆண்டவர். வாசிக்கத் தெரியாதவரும் கண்ணால் கற்கக்கூடிய ஞானோபதேசம் அது.

அந்த மேற்குப் பக்கத்தின் அடியில் இரண்டு பூனைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றை ஒட்டி ஐரிஷ் மொழியில் சில எழுத்துக்கள். குனிந்து பார்த்தால்தான் தெரியும். இச்சிலுவையைச் செய்வித்த முயிரெடாக்குக்காக ஒரு செபம் வேண்டும் என்பதே அதன் பொருள். அவர் 923-ஆம் ஆண்டளவில் இறந்த மடாதிபதி என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பெரிய மடத்தின் தலைவர். ஆயினும் தம் பதவியையோ, செலவையோ அங்கே பொறிக்கவில்லை. நடுவிடம் ஆண்டவருக்கு, அடியிடம் தமக்கு. அவர் கேட்டது புகழ்ச்சியை அல்ல, செபத்தை.

பிரியமானவர்களே, நம் கோவில் முகப்பிலும் சலவைக்கல்லில் பெயர்கள் உள்ளன. விளக்கிலும் மின்விசிறியிலும் ‘உபயம்’ என்று எழுதியிருக்கிறோம். அது தவறன்று. ஆனால் இவ்விழாவை ஒட்டி, பெயர் பின்னால் போய்விட்டது, எழுத்து சிறிதாகிவிட்டது என்று சிலர் மனத்தாங்கல் கொண்டார்கள். உறவினருக்குள் பேச்சே நின்றுபோன வீடும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தராசைப் பிடித்திருக்கும் சம்மனசு எழுத்தின் அளவைப் பார்ப்பதில்லை.

முயிரெடாக்கின் பெயராவது கல்லில் இருக்கிறது. உளி பிடித்த கல்தச்சரின் பெயர் அதில் இல்லை. நம் கோவிலுக்கும் மண் சுமந்த தாய்மார், கூலி வாங்காமல் சுவர் எழுப்பிய கொத்தனார், பிடி அரிசி சேர்த்துக் கொடுத்த ஏழைகள் எத்தனை பேர்! அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. ஆண்டவரின் ஏட்டில் இருக்கிறது. அந்த ஏட்டைத் தீ தொடாது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி முகப்புக் கல்லைக் கடக்கும்போது, யார் பெயர் முதலில் என்று பாராமல், அதில் உள்ளவர்களுக்காகவும் இல்லாதவர்களுக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் இந்த விழா முடிவதற்குள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வாருங்கள். அதுவே இக்கோவிலுக்கு நீங்கள் செய்யும் மேலான உபயம்.

ஆண்டவர் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.