சந்தைக் காயும் பொட்டலத் தீனியும்

(சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பள்ளியில் நாள்தோறும் சிறார்தம் உணவுப் பாத்திரங்களைக் காண்கின்றோம். கீரையும் பொரியலும் இருந்தவிடத்தில் பேரங்காடிப் பொட்டலங்கள் குடிபுகுந்துள்ளன.

1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பெற்றது. அத்தகைய சந்தைகளில் விளைவித்தோரே இடைத்தரகரின்றித் தம் காய்கனிகளை விற்கின்றனர். விடியலிற் பறித்த கீரை வாடுமுன் அடுப்பேறுகின்றது. பொட்டலத் தீனியிலோ, பன்மாதம் கெடாதிருக்கவும் நாவைக் கவரவும் உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றன. முதிர்ந்தோர்க்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்புப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சிறார்க்கு அதனினும் குறைவே வேண்டும்.

பொட்டலத்திலடைத்தன யாவும் தீயனவல்ல. துவரம்பருப்பும் பொட்டலத்தில் வருகின்றதன்றோ? ஆதலின் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள். உட்பொருட் பட்டியலில் முதலில் நிற்பதே எடையில் மிக்கது. தாய்மார் இஃதொன்றை அறிந்தாற் போதும்.

சென்ற ஆண்டு விழாவில் நம் சிறார்க்கு அப்பொட்டலங்களையே வழங்கினோம். அக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு. வரும் விழாவிலேனும் கடலையுருண்டையும் வாழைப்பழமும் வழங்குவோமாக! குழந்தைகள் நலம் பெறுவர். பழத்தின் விலையும் நம்மூர் உழவர் கையிற் சேரும்.