தாதியர் கல்வியும் உத்தியோகமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



உத்தியோகம் புருஷ லட்சணம் என்று முன்னோர் சொல்லி வைத்தார்கள். இன்று தேற்றாத்தீவிலே உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் உத்தியோகத்தைப் பற்றி முதலில் விசாரிப்பவர்கள் நம் பெண்பிள்ளைகளே. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையையும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையையும் கண்டு வளர்ந்தவர்களுக்குத் தாதியின் வெள்ளைச் சீருடை மேல் ஆசை வருவது இயல்பு. அந்த ஆசைக்கு வேலை கிடைக்குமா என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

2023ஆம் ஆண்டில் உலகில் 2 கோடியே 98 இலட்சம் தாதியர் இருந்தனர் என்றும், இன்னும் 58 இலட்சம் பேர் குறைவு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அப்படியானால் படித்தவர்க்கெல்லாம் வேலை நிச்சயம் என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். நோயாளி இருப்பதனால் மட்டும் தாதிக்கு வேலை உண்டாகிவிடாது; சம்பளம் கொடுக்க ஒரு திறைசேரியோ முதலாளியோ முன்வர வேண்டும். பிறநாட்டுத் தாதியரை ஆண்டுதோறும் அழைத்து வந்த இங்கிலாந்திலேயே, புதிதாகத் தேறிய சொந்த நாட்டுத் தாதியர்க்கு இடமில்லாமற் போய், 2025 ஆகஸ்டில் அரசாங்கம் அவர்களுக்கென வேலை உறுதித் திட்டமொன்றை அறிவிக்க நேர்ந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரி மட்டக்களப்பிலும் உண்டு. மூன்றாண்டுப் பயிற்சி, பயிலும்போதே கொடுப்பனவு, தேறினால் அரசாங்க சேவை. இங்கே போட்டியெல்லாம் நுழைவாயிலிலேயே நடந்துவிடுகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ நான்காண்டுப் பட்டம். பட்டம் பெரிதுதான், ஆனால் நியமனக் கடிதம் பட்டத்தோடு சேர்ந்து வருவதில்லை. ஆட்சேர்ப்பு நடக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, பணம் கட்டிப் படிக்கும் வழி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாமறிந்த ஒரு குடும்பம், வெற்றிலைத் தோட்டத்தை நம்பிச் சீவிப்பது, மகளின் காப்பை ஈடு வைத்து ஆறுமாதப் பாடநெறி ஒன்றுக்குப் பணம் கட்டியது. அழகான சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டுச் சுவரிலும் மாட்டினார்கள். அதைக் கொண்டு தாதியாகப் பதிய முடியாது என்பதை வேலைக்கு விண்ணப்பித்த பின்னரே அந்தப் பிள்ளை அறிந்தாள். இன்று அவள் ஒரு தனியார் நிலையத்தில் உதவியாளர். காப்பு இன்னும் மீளவில்லை. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கைத் தாதியர் சபை இருக்கிறது. இந்தப் படிப்பை முடித்தால் அங்கே பதியலாமா என்று எழுத்தில் கேட்டறியாமல் ஒரு சதமும் கட்டாதீர்கள். கேட்பதற்கு நாணப்பட வேண்டியதில்லை. மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம் அல்லவா?

வெளிநாடு போகலாம் என்பார்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது அரசாங்க ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல இடமளிக்கப்பட்டது, தாதியரும் சென்றனர். ஆனால் இங்கிலாந்தில் பதிவதற்கு ஆங்கிலத் தேர்ச்சியைக் காட்டி, கணினிப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் தேற வேண்டும். வளைகுடா நாடுகளிற் பெரும்பாலும் அனுபவம் கேட்கிறார்கள். ஆகையால் நியமனத்துக்குக் காத்திருக்கும் பட்டதாரிகள் வீட்டில் இராமல், சம்பளம் குறைவாயினும் பெரிய வைத்தியசாலையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவிலோ சிறுநீரகச் சுத்திகரிப்புப் பிரிவிலோ வேலை பழகுவது நல்லது. ஆங்கிலத்தையும் அந்த மாதங்களிலேயே திருத்திக்கொள்ளலாம்.

பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். நியமனம் தூர மாவட்டத்தில் வந்தால் பிள்ளையைத் தடுக்காதீர்கள். இரவுக் கடமை முடிந்து விடியற்காலை பஸ்ஸில் வந்திறங்குபவளைச் சந்தியில் நிறுத்தி ஊர்விசாரணை செய்யும் வழக்கத்தையும் நாம் விட்டுவிட வேண்டும். அவள் தூங்கப் போகட்டும்.

அரசாங்க வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் வெளிவருகிறது. பயிற்சிக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வந்தால் சங்க வாசிகசாலைப் பலகையில் அன்றே ஒட்டுவோம். விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டியவர்கள் சனிக்கிழமை மாலையில் வரலாம்.