மாதர் நீரடக்கக் குறையும் நமது கடமையும்
(முத்தாபுதுப்பேட்டையில் நமது சங்கத்தார் முன்னிலையில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சபையிற் பேசத் தகாததென்று பலர் ஒதுக்கிய ஒரு விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டோம். இருமும்போதும், தும்மும்போதும், பாரந் தூக்கும்போதும் மாதர்க்குச் சிறுநீர் தானே கசிதலும், திடீரென உந்துதல் எழுந்து கழிப்பிடம் சேருமுன் பிரிந்துவிடுதலுமாகிய குறையே அது. வெட்கத்தால் தாய் மகளிடம் சொல்லாள்; மனைவி கணவனிடம் சொல்லாள். சொல்லாத நோய்க்கு மருந்து ஏது?

மூத்திரப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள் பிரசவத்தால் தளர்வதுண்டு. மாதவிடாய் நின்ற பருவம், ஸ்தூல தேகம், நீடித்த இருமல், மலச்சிக்கல், நீரிழிவு ஆகியனவும் இக்குறையை வளர்க்கும். ஆகவே இது ஒழுக்கக் குறைவுமன்று. முதுமையிற் பொறுத்தே தீரவேண்டிய தலைவிதியுமன்று.

நம் ஊர் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் அண்மையது. ஆலைகளுக்கும் கடைகளுக்கும் நம் பெண்மக்கள் விடியுமுன் புறப்படுகின்றனர். போகுமிடத்தில் தகுந்த கழிப்பிடம் இல்லையேல், அல்லது மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்க நாணம் தடுக்குமேல், அவர்கள் கைக்கொள்ளும் உபாயம் தண்ணீர் அருந்தாமை. அதுவே தீங்கை இரட்டிப்பாக்குகின்றது. செறிந்த நீர் பையை உறுத்தி உந்துதலை மிகுவிக்கும், நெடுநேரம் அடக்குவது நோய்க்கிருமிகளுக்கு இடந்தரும், மலச்சிக்கலும் சேரும்.

மாதர்க்குத் தனிக் கழிப்பிடம் வேண்டுமென 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. எனினும் ஏட்டில் உள்ளது எங்கும் கைக்கு எட்டிவிடவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைகளிற் பணிபுரிந்த மாதர், பி. விஜி என்னும் அம்மையாரின் முயற்சியால் ஒன்றுகூடி முதலிற் கேட்டது கழிப்பிடமே. பின்னர் கேட்டது உட்கார ஓர் ஆசனம். அதன் பயனாகக் கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்திற்று. 2021-இல் நம் தமிழ்நாடும் கடைப் பணியாளர்க்கு இருக்கை அளிக்கச் சட்டஞ் செய்தது. நாணத்தை வென்று வாய்திறந்ததன் பலன் இது.

இனிப் பரிகாரம். அமெரிக்க வைத்தியர் ஆர்னால்டு கீகெல் 1948-இல் வெளியிட்ட தேகாப்பியாசம் இன்றும் வைத்தியர்கள் முதலிற் கூறுவது. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல் அத்தசைகளைச் சில விநாடி இறுக்கிப் பின் தளர்த்துக. வேளைக்கு எட்டு முறை, தினம் மூன்று வேளை, மூன்று மாதம் விடாது செய்க. சிறுநீர் கழிக்கும்போது இதனைச் செய்தலாகாது. எரிச்சலோ, காய்ச்சலோ, நீரில் இரத்தமோ காணின் தாமதியாது வைத்தியரை நாடுக. அப்பியாசத்தால் தீராதவற்றுக்கு மருந்தும் சஸ்திர சிகிச்சையும் உள.

நம்மவருள் பட்டறையும் கடையும் நடத்துவோர் பலர் உளர். அவர்களை நாம் வேண்டுவது இது: தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பிடம் அமையுங்கள், போகவர அனுமதி கேட்கும் வழக்கத்தை ஒழியுங்கள். இல்லங்களில் மூத்த மாதர், மகளிடமும் மருமகளிடமும் தாமே முன்வந்து வினவுக. பிறர் வீட்டுப் பெண்ணின் நலத்தை நம் பட்டறையிற் காவாது, நம் வீட்டுப் பெண்ணின் நலத்தைப் பிறரிடம் எங்ஙனம் எதிர்பார்ப்போம்?